பிரான்ஸில் கோவில் கூரை ஒழுகினால் யார் செலவு செய்வது?

பிரான்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றில் கத்தோலிக்கக் கோவிலின் கூரை ஒழுகினால், பங்குத்தந்தை தானாகக் கொத்தனாரைக் கூப்பிட்டு வேலை தொடங்கிவிட முடியாது. அவர் போய்ச் சொல்ல வேண்டிய இடம் மேயர் அலுவலகம். கோவில் கட்டடம் பங்கு எனப்படும் ஊர்ச் சபைக்கும் சொந்தமில்லை, ஆயரின் நிர்வாகப் பகுதியான மறைமாவட்டத்துக்கும் சொந்தமில்லை. பள்ளிக்கூடமும் ஊர்ச் சாலையும் யாருக்குச் சொந்தமோ, அதே கொம்யூனுக்குத்தான் கோவிலும் சொந்தம். புதுச்சேரியில் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்து என்கிறோமே, அதே உள்ளாட்சி அமைப்புதான். உண்டியல், சந்தா, திருவிழா வரவு, நிதிக்குழு என்றே கோவில் செலவைப் பார்த்துப் பழகிய நம்மூர்க் கத்தோலிக்கர்களுக்கு இது விநோதமாகத் தெரியும். அதுவும் அரசையும் மதத்தையும் கறாராகப் பிரித்துவைத்த நாட்டில், கோவில் ஓட்டை மாற்றும் செலவு ஊராட்சி பட்ஜெட்டில் எப்படி வந்து உட்கார்ந்தது?

இதற்கு 1789-க்குப் போக வேண்டும். புரட்சி நடந்த அந்த ஆண்டில் அரசுக் கஜானா காலி. திருச்சபையின் சொத்துகளை எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவரே ஓர் ஆயர்தான்: ஓத்தன் மறைமாவட்டத்தின் தலேரான். நவம்பர் 2 அன்று நாட்டு மன்றம் அதை ஏற்றது. நிலங்களும் மடங்களும் ஏலத்துக்குப் போயின. ஐரோப்பாவின் மிகப் பெரிய கோவில்களில் ஒன்றாயிருந்த குளூனி மடத்துக் கோவிலை வாங்கியவர்கள் கல்லுக்காகவே அதை இடித்து விற்றார்கள். 1801-இல் நெப்போலியன் திருத்தந்தை ஏழாம் பத்திநாதரோடு ஒப்பந்தம் செய்தபோது, விற்காமல் மிஞ்சிய கோவில்கள் வழிபாட்டுக்காக ஆயர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. விற்றுப்போனவற்றைத் திரும்பக் கேட்க மாட்டோம் என்று திருச்சபையும் ஒத்துக்கொண்டது.

அந்த ஏற்பாட்டில் 1809 டிசம்பர் 30 ஆணை ஒன்று முக்கியமானது. ஒவ்வொரு பங்குக்கும் ‘ஃபப்ரிக்’ என்ற குழுவை அது அமைத்தது. கோவிலைப் பழுதுபார்ப்பது, மெழுகுதிரியும் திருவுடையும் வாங்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் இந்தக் குழுவின் வேலை. வருமானம் காணிக்கையிலும் அடக்கச் சடங்குக் கட்டணத்திலும் இருந்து வந்தது. கோவிலில் உட்காரும் நாற்காலிக்கு வாங்கும் வாடகையும் பெரிய வரவு. போதாத தொகையை ஊராட்சி தந்தாக வேண்டும். கோவிலை நடத்துபவர்களும் பழுதுபார்ப்பவர்களும் ஒரே ஆட்கள் என்பதால், ஓடு நகர்ந்தால் அதைக் கவனிக்கக் கடமைப்பட்ட ஒருவர் உள்ளூரிலேயே இருந்தார். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் இது ஓடியது.

1905 டிசம்பர் 9 சட்டம் இதை முடித்துவைத்தது. அரசு இனி எந்த மதத்துக்கும் சம்பளம் தராது, மானியம் தராது. குழுக்களைக் கலைத்துவிட்டு, ஒவ்வோர் ஊரிலும் விசுவாசிகள் ‘வழிபாட்டுச் சங்கம்’ ஒன்றைப் பதிவுசெய்தால் சொத்தை அதனிடம் ஒப்படைப்போம் என்றது சட்டம். புரட்டஸ்தாந்து சபையாரும் யூதர்களும் சங்கம் அமைத்து, தங்கள் கோவில்களையும் தொழுகைக்கூடங்களையும் பெற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவற்றின் கூரையும் அவர்கள் பொறுப்பாயிற்று. கத்தோலிக்கத் தரப்பில் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் முடியாது என்றுவிட்டார். ஆயருக்கு இடமே தராத ஒரு சங்கத்தின் கையில் கோவிலைக் கொடுப்பது திருச்சபையின் அமைப்பையே மறுப்பதாகும் என்பது அவருடைய வாதம். 1906-இல் கோவில் பொருள்களைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தபோது ஊருக்கு ஊர் மக்கள் கதவை அடைத்து நின்றார்கள். கிறிஸ்துவின் உடலாக நம்பும் அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழையையும் திறந்து பார்க்க வேண்டும் என்ற உத்தரவு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. மார்ச் 6 அன்று பெல்ஜிய எல்லையோர ஊரான பூஷேப்பில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். அதன்பின் அரசு பின்வாங்கியது.

சங்கம் இல்லாத சொத்தை என்ன செய்வது? 1907 ஜனவரி 2 சட்டம், கோவில்கள் எப்போதும்போலக் குருக்களின், விசுவாசிகளின் பயன்பாட்டில் இருக்கட்டும் என்றது. 1908 ஏப்ரல் 13 சட்டம், 1905-க்கு முன் கட்டிய பங்குக் கோவில்களைக் கொம்யூனின் சொத்தாக்கியது. பேராலயங்களில் பெரும்பாலானவை, இன்றைய கணக்கில் 87, அரசின் சொத்து. ஊராட்சிகள் கோவிலைப் பேணச் செலவு செய்யலாம் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. திருச்சபை சொத்தை இழந்தது, பயன்பாட்டை இழக்கவில்லை. அந்தப் பயன்பாட்டுக்கு வாடகை கிடையாது, காலக்கெடுவும் கிடையாது.

அன்று அது தோல்வியாகத் தெரிந்தது. நூறு ஆண்டு கழித்துப் பார்த்தால், பிரான்ஸின் கிராமக் கோவில்கள் இத்தனை நிற்பதற்கு அந்த மறுப்பே காரணம் என்றுதான் சொல்வேன். சங்கங்கள் அமைந்திருந்தால் ஆளும் பணமும் வற்றிப்போன ஊர்களில் அவை எப்போதோ கலைந்து, கட்டடங்களும் விற்பனைக்குப் போயிருக்கும்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் கட்டடத்துக்கு இரண்டு எசமானர்கள். கல், கூரை, கோபுரம், 1905-க்கு முன் வந்த சுரூபங்கள், படங்கள், ஆர்கன் எல்லாம் ஊராட்சியுடையவை. விளக்கு, குளிர்காலச் சூடேற்றம், பெருக்கித் துடைப்பது, பீடத்துப் பூ எல்லாம் பங்கின் செலவு. கோவிலின் சாவி பங்குத்தந்தையிடம். மேயர் நினைத்தாலும் அவர் சம்மதமின்றி உள்ளே ஒரு கச்சேரிகூட வைக்க முடியாது. மணிக்கோபுரத்துக்கு மட்டும் இரண்டு சாவிகள். ஒன்று குருவானவரிடம், இன்னொன்று மேயரிடம். 1906 மார்ச் மாத அரசாணையே அப்படி வகுத்திருக்கிறது. மேயருக்கு ஏன் சாவி? கடிகாரத்தைப் பார்க்க, ஆபத்து நேரத்தில் மணியடித்து ஊரைக் கூட்ட. ஒழுகுகிற கூரை பெரும்பாலும் அந்தச் சாவியைப் போட்டு ஏறிப் பார்க்கிறவர் கண்ணில்தான் முதலில் படும். வருஷத்தில் ஒருமுறையாவது யாராவது ஏறினால், அது அந்தக் கோவிலின் அதிர்ஷ்டம்.

சட்டம் ‘செலவு செய்யலாம்’ என்கிறது, ‘செய்தாக வேண்டும்’ என்று சொல்லவில்லை. இந்த ஒரு வினைச்சொல்லில்தான் பல கோவில்களின் விதி தொங்குகிறது. ஊராட்சி பராமரிக்காமல் விட்டால் சட்டமீறல் இல்லை. ஆனால் பராமரிக்காததால் கல் விழுந்து யாருக்காவது அடிபட்டால் பொறுப்பு ஊராட்சியுடையது. மொன்செகூர் என்ற ஊரில் தீர்த்தத் தொட்டியில் தொங்கி விளையாடிய சிறுவன் ஒருவன், அது விழுந்து படுகாயமடைந்தான். அந்த வழக்கில் 1921-இல் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், ஊராட்சிக்காகக் கோவிலில் நடக்கும் வேலையும் பொதுப்பணிதான் என்று தெளிவாக்கியது. இதனால் கையில் காசில்லாத மேயருக்குச் சுலபமான வழி ஒன்று திறந்திருக்கிறது: பூட்டிவிடுவது. ஆபத்தான கட்டடம் என்று கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் அடிபட ஆளில்லை, பொறுப்பும் இல்லை. பூட்டிய கோவிலில் காற்றோட்டம் நிற்கும், ஈரம் சேரும், பார்க்கும் கண்ணும் இருக்காது. பூட்டியபின்தான் அது வேகமாகக் கெடுகிறது.

திருச்சபையின் சொந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்கலாம். 1905-க்குப் பிறகு குருக்களுக்கு அரசுச் சம்பளம் நின்றுபோனதால், விசுவாசிகள் ஆண்டுதோறும் மறைமாவட்டத்துக்குத் தரும் ‘தெனியே’ என்ற நன்கொடையில்தான் அவர்கள் பிழைப்பு. ஞாயிறு காணிக்கை, பூசைக் கருத்துக் காணிக்கை எல்லாம் அதோடு சேரும். இதுபோக 1905-க்குப் பின் கட்டிய கோவில்கள் முழுக்க முழுக்கத் திருச்சபையின் சொத்து, செலவும் அதனுடையதே. 1924-இல் ஆயரின் தலைமையை ஏற்கும் மறைமாவட்டச் சங்கங்களுக்கு உரோமை சம்மதித்த பிறகு, இந்தப் புதிய கோவில்கள் அவற்றின் பெயரில் வந்தன. பாரிஸைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகியபோது, கர்தினால் வெர்தியே 1931-இல் தொடங்கிய ‘கர்தினாலின் கட்டுமானப் பணிகள்’ அமைப்பு அங்கெல்லாம் கோவில் கட்டியது. நன்கொடையிலேயே ஓடும் அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. அன்று எழுந்த கான்கிரீட் கோவில்களில் இப்போது உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. ஊராட்சியின் கல் கோவிலைவிட மறைமாவட்டத்தின் கான்கிரீட் கோவில்தான் பல ஆயர்களுக்குத் தலைவலி.

அல்சாஸ், மோசெல் பகுதிகள் மட்டும் தனி. 1905-இல் அவை ஜெர்மனியின் கையில் இருந்ததால் பிரிவினைச் சட்டம் அங்கே செல்லாது. நெப்போலியன் காலத்து ஒப்பந்தமும் பராமரிப்புக் குழுவும் இன்றும் நடப்பில் இருக்கின்றன. குருக்களுக்கு அரசே சம்பளம் தருகிறது.

பிரான்ஸில் கத்தோலிக்கக் கோவில்களும் சிற்றாலயங்களும் ஏறக்குறைய 42,000. அவற்றில் 40,000 அளவுக்கு ஊராட்சிகளுடையவை. பாரிஸ் மாநகராட்சி மட்டும் 96 வழிபாட்டுத் தலங்களை வைத்திருக்கிறது. பாரிஸில் பழைய பங்குக் கோவில் ஒன்றில் தமிழ்த் திருப்பலிக்குப் போகும் நம்மவர்கள் முழந்தாளிடும் தரையும் மாநகராட்சியுடையதுதான். மாநகராட்சிக்குப் பொறியாளர்கள் உண்டு, தனி இலாகா உண்டு. கிராமத்துக்கு என்ன உண்டு? நாட்டிலுள்ள சுமார் 35,000 கொம்யூன்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. மேயர் பெரும்பாலும் விவசாயி அல்லது ஓய்வுபெற்ற ஆசிரியர். அலுவலகத்தில் பகுதிநேர எழுத்தர் ஒருவர். மக்கள் இரண்டாயிரம் பேராக இருந்த காலத்தில், பக்கத்து ஊரைவிட உயரமாகக் கோபுரம் வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோவில் அது. இப்போது அங்கே மாதத்துக்கு ஒரு பூசை நடந்தால் பெரிது. ஒரே குருவானவர் இருபது முப்பது கோவில்களைச் சுற்றி வருகிறார்.

சரி, அப்படி என்ன கெட்டுப்போகிறது? தண்ணீர்தான். கல் கோவில் போர், புயல் எல்லாவற்றையும் தாங்கும், கூரையிலிருந்து மெதுவாக இறங்கும் தண்ணீரைத் தாங்காது. ஒரு ஸ்லேட் ஓட்டின் ஆணி துருப்பிடித்து ஓடு ஒரு விரற்கடை நழுவுகிறது. கீழேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மழை நேராக ரீப்பரில் விழுந்து, கைமரத்தின் வழியாக ஓடி, கைமரம் சுவரில் வந்து உட்காருகிற முனையில் தேங்குகிறது. காற்றே படாத இடம் அது. ஓக் மரமாயிருந்தாலும் பத்துப் பதினைந்து ஆண்டில் அந்த முனை மாவாகிவிடும். முனை போனதும் கூரையின் பாரம் நேர்கீழாக இறங்காமல் பக்கவாட்டில் சுவரை வெளியே தள்ளுகிறது. சுவர் சில சென்டிமீட்டர் சாய்ந்தாலே உள்ளே வளைவுக்கூரையில் விரிசல் விழும். பூசை வைக்கும்போது பீடத்தின்மேல் காரைத்தூள் உதிர்வதைப் பார்த்துத்தான் ஊருக்கு விஷயம் தெரியும். அதற்குள் ஓட்டு வேலையாக இருந்தது ஓட்டு வேலை, மர வேலை, கல் வேலை மூன்றுமாகிவிட்டது. உயரமான கோவிலுக்குச் சாரம் கட்டுவதே பெருஞ்செலவு. ஒரு நாள் ஏணிவேலையாக முடிந்திருக்க வேண்டியது, ஊராட்சியின் ஓராண்டு வரவைவிடப் பெரிய எஸ்டிமேட்டாக மேயர் மேசைக்கு வருகிறது.

மழைநீர்த் தகரங்கள் அடைத்துக்கொள்வதும் இப்படித்தான். புறாக்கூடும் சருகும் அடைத்தால் தண்ணீர் வழிந்து சுவருக்குள் இறங்கும். அந்தச் சுவரை 20-ஆம் நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடு சிமெண்ட் வைத்துப் பூசியிருப்பார்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அதை உள்ளேயே பூட்டிவைக்கும். குளிரில் அந்த ஈரம் உறைந்து, கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் கட்டிய ‘மேரி’ என்ற நகர மன்றக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் அப்படியே இடிந்து விழுந்தது நமக்கு நினைவிருக்கும். கைவிட்ட சுண்ணாம்புக் கட்டடத்துக்கு மழை என்ன செய்யும் என்பதை நாமும் பார்த்தவர்கள்தான்.

இனி மேயர் பணம் திரட்டும் கதை. கோவில் ‘வரலாற்றுச் சின்னம்’ பட்டியலில் இருந்தால் வழி கொஞ்சம் சுலபம். பண்பாட்டு அமைச்சகத்தின் வட்டார அலுவலகம் செலவில் கணிசமான பங்கைத் தரும். மாவட்ட மன்றமும் மாநில மன்றமும் கொஞ்சம் தரும். ஆனால் பொதுவிதிப்படி ஐந்தில் ஒரு பங்கையாவது ஊராட்சி தன் கையிலிருந்து போட வேண்டும். பாரம்பரியக் கட்டடங்களுக்கு விலக்கு கேட்டு வாங்கலாம். பட்டியலில் இருப்பதால் வரும் நிபந்தனைகளும் உண்டு: தகுதிபெற்ற கட்டடக் கலைஞர், முன்னாய்வு, குறிப்பிட்ட வகைக் கல், குறிப்பிட்ட வகை ஓடு. வேலை நன்றாக நடக்கும், மெதுவாக நடக்கும். பட்டியலில் இல்லாத கோவில்களே அதிகம். அவற்றின் மேயர் ஊரக வளர்ச்சி நிதி, மாவட்டம், தனியார் நன்கொடை என்று ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். ஓரிடத்தில் ‘மற்றவர்கள் எவ்வளவு தருகிறார்கள்’ என்று கேட்பார்கள். அந்த மற்றவர்களும் அதையே கேட்பார்கள். இந்த இழுபறியில் இரண்டு மூன்று மழைக்காலம் போய்விடும்.

பல ஊர்களைக் கரையேற்றுவது ஊர்க்காரர்கள் தொடங்கும் பாதுகாப்புச் சங்கங்கள்தான். இவர்களில் பூசைக்கே போகாதவர்கள் நிறைய. தாத்தாவின் அடக்கம் நடந்த கோவில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஊரைக் காட்டிக்கொடுக்கும் கோபுரம் என்ற பாசம் போதும் அவர்களுக்கு. இந்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இவர்கள் திரட்டும் நன்கொடையை ‘பாரம்பரிய அறக்கட்டளை’ என்ற தேசிய அமைப்பு முறைப்படி வாங்கிக் கொடுக்கிறது, வரிவிலக்கும் கிடைக்கிறது. 2018 முதல் தொலைக்காட்சிப் பிரபலம் ஸ்தெஃபான் பெர்ன் முன்னின்று நடத்தும் பாரம்பரிய லாட்டரியிலும் கோவில்களுக்குப் பங்கு வருகிறது. 2023 செப்டம்பரில் அதிபர் மக்ரோன் சிற்றூர்க் கோவில்களுக்கென்றே ஒரு நாடு தழுவிய நிதி திரட்டலைத் தொடங்கிவைத்தார். நான்கு ஆண்டில் 20 கோடி யூரோ என்பது இலக்கு. 10,000 பேருக்குக் குறைவான ஊர்க் கோவிலுக்கு 2025 இறுதிக்குள் கொடுத்தால் 1,000 யூரோ வரை 75 சதவீதம் வரிக்கழிவு என்று அறிவித்தார்கள். அதாவது 100 யூரோ கொடுத்தவருக்குக் கைச்செலவு 25 யூரோதான்.

இவ்வளவும் இருந்தும் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. 2013-இல் அப்வீல் நகரின் புனித யாக்கோபு கோவிலை நகராட்சியே இடித்தது. அதே ஆண்டு ஜெஸ்தே என்ற சிற்றூரில், நீதிமன்றம் வரை போய்ப் பல ஆண்டு போராடிய மக்களை மீறிக் கோவில் இடிக்கப்பட்டது. இரண்டுமே 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள். இடைக்காலத்துக் கோவிலுக்கு இருக்கும் மதிப்பு அவற்றுக்கு இல்லை; இவ்வளவுக்கும் உயரமும் பாரமும் செலவும் அவற்றுக்கே அதிகம். 2021-இல் லீல் நகரில் இடிக்கப்பட்ட புனித சூசையப்பர் சிற்றாலயம் கத்தோலிக்கக் கல்வி நிறுவனத்தின் சொத்து. புது வகுப்பறைக்காக இடித்தார்கள். ஆகவே உள்ளாட்சிதான் இடிக்கும், திருச்சபை காக்கும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. 2022-இல் செனட் உறுப்பினர்கள் இருவர் தந்த அறிக்கை, 2030-க்குள் 2,500 முதல் 5,000 வரை மதக் கட்டடங்கள் கைவிடப்படலாம், விற்கப்படலாம், இடிக்கப்படலாம் என்று கணித்தது. நாட்டில் என்னென்ன இருக்கின்றன என்ற முழுக் கணக்கை முதலில் எடுங்கள் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

கோவிலை வேறு பயன்பாட்டுக்கும் திறந்துவிடலாம் என்பது இன்னொரு பரிந்துரை. கச்சேரி, கண்காட்சி, ஒரு மூலையில் நூலகம் என்று யோசனைகள் வருகின்றன. பங்குத்தந்தையின் சம்மதம் இதற்கெல்லாம் வேண்டும். திருச்சபைச் சட்டமும் புனித இடத்தின் தன்மைக்கு ஒவ்வாததை அனுமதிக்காது. முழுவதுமாக வழிபாட்டிலிருந்து விலக்க வேண்டுமானால் ஆயரின் எழுத்துபூர்வ சம்மதமும் அரசின் மாவட்ட ஆட்சியர் ஆணையும் தேவை. ஆயர்கள் இதில் தயங்குவதைப் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. ஒருமுறை விலக்கிய கோவில் திரும்ப வருவதில்லை.

பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தைப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. அது அரசின் சொத்து. 2019 ஏப்ரல் 15 தீவிபத்துக்கு இரண்டு ஆண்டு முன்பே அதன் நிலைமை எல்லோருக்கும் தெரியும். மழைநீரை வெளியே கக்கும் கல் யாளிகள் உடைந்து விழுந்த இடத்தில் பிளாஸ்டிக் குழாய் செருகியிருந்தார்கள். கைப்பிடிச்சுவர் உதிர்ந்த இடத்தில் பலகை அடித்திருந்தார்கள். அரசு ஆண்டுக்கு 20 லட்சம் யூரோ ஒதுக்கியது. பத்துக் கோடிக்கு மேல் தேவை என்று நண்பர்கள் சங்கம் ஒன்று அமெரிக்கா வரை போய் நன்கொடை கேட்டுக்கொண்டிருந்தது. தீப்பிடித்தது. சில நாளில் பெருங்கோடீஸ்வரர்களான அர்னோ குடும்பம் 20 கோடி, பினோ குடும்பம் 10 கோடி என்று அறிவிப்புகள் குவிந்தன. முடிவில் 150 நாடுகளிலிருந்து 3,40,000 பேர் 84.6 கோடி யூரோ கொடுத்தார்கள். ஆறு ஆண்டு முடியும் முன்பே, 2024 டிசம்பரில், பேராலயம் திறந்தது. தச்சர்களும் கல்தச்சர்களும் அங்கே செய்து காட்டியது அபாரமான வேலை. அந்தப் பணத்தில் மிஞ்சிய 14 கோடி யூரோ இப்போது எதற்குப் போகிறது தெரியுமா? தீ தொடாத பகுதிகளுக்கு. பீடத்துக்குப் பின்புறச் சுவர், வெளித் தாங்குவளைவுகள், திருப்பொருள் அறை என்று முன்பே பழுதாகிக் காத்திருந்த வேலைகளுக்கு. எரிந்த பிறகு வந்த பணத்தில்தான் எரிவதற்கு முன் செய்திருக்க வேண்டிய பராமரிப்பு நடக்கிறது.

திறப்புக்குச் சில வாரம் முன்பு பண்பாட்டு அமைச்சர் ரஷிதா தாத்தி, சுற்றுலாப் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கினால் ஆண்டுக்கு 7.5 கோடி யூரோ சேரும், அதைக்கொண்டு நாட்டின் மற்ற கோவில்களைப் பழுதுபார்க்கலாம் என்றார். பாரிஸ் மறைமாவட்டம் மறுத்தது. கோவிலுக்குள் வர யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பது அதன் நிலை; 1905 சட்டத்தின் 17-ஆம் பிரிவும் கட்டணம் கூடாது என்றுதான் சொல்கிறது. கோபுரம் ஏற டிக்கெட் உண்டு, அது தனி. நான் மறைமாவட்டத்தின் பக்கம். செபிக்க வருகிறவரையும் பார்க்க வருகிறவரையும் வாசலில் நின்று பிரிப்பது யார்? பார்க்க வந்தவர் உள்ளே போனபின் செபிக்கத் தொடங்குவதும் உண்டு.

பக்கத்து நாடுகளில் பணம் வரும் வழிகள் வேறு. ஜெர்மனியில் திருச்சபை உறுப்பினர் கட்டும் வருமான வரித் தொகையில் 8 அல்லது 9 சதவீதத்தைக் கோவில் வரியாக அதோடு சேர்த்துப் பிடிக்கிறார்கள். உறுப்பினர் விலகினால் வரி நிற்கும். இத்தாலியில் வருமான வரியில் ஆயிரத்துக்கு எட்டு பங்கை எந்தச் சபைக்கு என்று வரி கட்டுகிறவர் குறிக்கலாம். பெல்ஜியத்தில் நெப்போலியனின் பராமரிப்புக் குழு இன்னும் உயிரோடு இருக்கிறது. பற்றாக்குறையை நகராட்சி ஈடுகட்டியாக வேண்டும். அதனாலேயே ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 2011-க்குப் பிறகு, எந்தக் கோவில் வழிபாட்டுக்கு, எது வேறு பயனுக்கு என்று நகராட்சியும் குழுக்களும் ஆயரும் உட்கார்ந்து பேசி நீண்டகாலத் திட்டம் எழுதுகிறார்கள். யார் பணம் தருவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒரு விடை வைத்திருக்கிறது. யார் ஏறிப் பார்ப்பது என்ற கேள்விக்கு நல்ல விடை சொன்னது நெதர்லாந்து.

அங்கே 1973-இல் ‘மோனுமென்டன்வாக்ட்’, அதாவது சின்னங்களின் காவல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கட்டடச் சொந்தக்காரர் சந்தா கட்டி உறுப்பினராவார். ஏணி, கயிறு, கருவிகளோடு வேனில் இரண்டு பேர் குறித்த காலத்தில் வருவார்கள். இருவரும் கட்டட வேலை தெரிந்தவர்கள். கூரைக்கடியில் தவழ்ந்து போய் மர முனைகளைக் குத்திப் பார்ப்பார்கள், தகரத்தில் அடைத்த சருகை எடுத்துப் போடுவார்கள், நழுவிய ஓட்டைத் திரும்ப மாட்டுவார்கள். அப்புறம் எதை உடனே செய்ய வேண்டும், எது இரண்டு ஆண்டு தாங்கும், எது பத்து ஆண்டு தாங்கும் என்று அறிக்கை எழுதிக் கொடுப்பார்கள். பெரிய வேலையை அவர்கள் எடுத்துச் செய்வதில்லை. ஆதலால் எஸ்டிமேட்டைக் கூட்டிக் காட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. மாநிலங்கள் செலவில் ஒரு பங்கை ஏற்பதால் சந்தா குறைவு. ஃபிளாண்டர்ஸ் 1991-இல் இதையே எடுத்துக்கொண்டது.

பிரான்ஸின் ஐந்நூறு பேர் கிராமத்து மேயருக்குத் தேவைப்படுவது இந்த அறிக்கைதான். அது கையிலிருந்தால் மானியம் கேட்கும்போது எதை முதலில் கேட்பது என்று அவருக்குத் தெரியும். பங்குத்தந்தைக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் ஒரே தாளை வைத்துப் பேச முடியும். லாட்டரிப் பணத்திலும் தேசிய நன்கொடையிலும் பெரும்பகுதி இன்று முற்றிப்போன பழுதுகளுக்குப் போகிறது. அதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஏறிப் பார்க்கும் ஆட்களுக்கு ஒதுக்க வேண்டும். உதவி பெறும் ஒவ்வொரு கோவிலுக்கும் வேலை முடிந்தபின் இந்தப் பார்வையிடலைக் கட்டாய நிபந்தனையாக்க வேண்டும். புதிதாக மாற்றிய கூரையும் மறு ஆண்டே யாரும் ஏறிப் பார்க்காத கூரையாகிவிடும் ஊர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.